வெள்ளிக்கிழமை மலையேறிய வேன்

இந்த வருடம் ஓட்டல் வேலையில் சேர்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் திண்டுக்கல்லும் சுற்றியுள்ள ஊர்களும் என்று கேள்விப்பட்டேன். எல்லோரும் வெளியூர்ப் பிள்ளைகளாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நான் செய்த தப்பை அவர்கள் செய்ய மாட்டார்கள். நீங்கள் செய்வீர்கள். உங்களை வளர்த்த ஊர்தானே என்னையும் வளர்த்தது.

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம் வீடு. காலையில் நாலு தடவை தெருமுனை வரை போய்த் திரும்புகிறேன். எதிர் வீட்டுக்கு யாராவது ஆட்டோவில் வந்து பெட்டியோடு இறங்கினால் என் கை தானாக நீளுகிறது. "செத்த நேரம் உக்காருங்களேன், தரை தேஞ்சிரப் போகுது" என்கிறாள் என் மனைவி. முப்பத்து நாலு வருடம் நின்றே வேலை பார்த்தவனுக்கு உட்காரத் தெரியவில்லை. அதில் கடைசிப் பதினோரு வருடம் கொடைக்கானல் மலையில், ஒரு பள்ளத்தாக்குக்குள் இருந்த சொகுசு ஓட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜர். வருகிறவர்களை வாசலில் வரவேற்பதிலிருந்து அவர்கள் வண்டியேறும் வரை அவர்களுடைய சௌகரியம் என் பொறுப்பு.

பெரிய ஓட்டல்களில் ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். விருந்தாளி வாய் திறந்து கேட்பதற்கு முன்பே அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அதைக் கம்ப்யூட்டரில் தேடினார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. எனக்குச் சொந்த ஊர் சின்னாளப்பட்டி. நம் பக்கத்து ஆளைப் பார்த்தால் நாம் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியாததா? எந்த ஊர், அங்கே யார் வீடு, இன்னாருக்கு நீங்கள் என்ன வேண்டும். மூன்றாவது கேள்வியில் ஒரு சொந்தக்காரன் அகப்பட்டுவிடுவான்.

இதனால் எனக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது. ஒருமுறை ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரி ஒருவர், கேட்ட அறை கிடைக்கவில்லை என்று வரவேற்பறையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கூட இருந்த பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். நான் போய், "ஏனுங்க, நீங்க மார்க்கெட்டுக்கு மேற்கால வீடுங்களா?" என்றேன். அவ்வளவுதான். அவர் தம்பி சம்பந்தியும் என் பெரியப்பா மகனும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். அவர் ஒரு நாள் கூடுதலாகவே தங்கிவிட்டுப் போனார். அந்த வருடம் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

ஹவுஸ்கீப்பிங்கைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மா மட்டும் அந்தக் கேடயத்தைப் பார்த்துச் சிரித்தார். ஊர் ஊராக வேலை பார்த்து வந்தவர். சொந்தக்காரர்களிடமிருந்து நாலு நாள் தப்பிக்கத்தான் பாதிப் பேர் இங்கே வருகிறார்கள், நீங்கள் என்னவென்றால் அவர்களுக்கு இங்கேயும் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறீர்கள் என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு புதன்கிழமை மதியம் அந்தக் குடும்பம் வந்து இறங்கியது. அப்பா சவடமுத்து, அறுபத்து நாலு வயது, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அவர் மனைவி நாகம்மாள் சுங்குடிச் சேலையில் இருந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் கதிரேசன், அவன் மனைவி, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. பள்ளத்தாக்கைப் பார்த்த தனி வீடு ஒன்றை ஞாயிறு காலை வரை எடுத்திருந்தார்கள்.

மற்றவர்கள் நடந்து போன பிறகு கதிரேசன் மட்டும் என்னிடம் திரும்பி வந்தான். அப்பாவுக்குக் காரமில்லாமல், குழைய வேகவைத்த சாப்பாடு வேண்டும் என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அப்பாகிட்ட உடம்பு எப்படி இருக்குன்னு யாரும் விசாரிக்க வேண்டாம் சார். நாங்க இங்க வந்திருக்கிறதும் யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றான்.

தலையை ஆட்டினேன். எழுதியும் வைத்துக்கொண்டேன்.

சவடமுத்து அந்த ஓட்டலுக்கு அதுவரை வராத மாதிரி விருந்தாளி. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்வெளியில் நடந்தார். ஓரத்தில் குத்த வைத்து, மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்து, இம்புட்டு நல்ல மண்ணில் வெறும் புல்லைப் போட்டு வைத்திருக்கிறீர்களே என்று தோட்டக்காரரைக் கேட்டார். பள்ளத்தாக்கில் மேகம் இறங்கியபோது பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். "இம்புட்டு வருசமா மழை வருமான்னு அண்ணாந்து பாத்தே கழுத்து வலிச்சுப்போச்சு தம்பி. இப்பத்தான் மேகத்த மேல இருந்து பாக்கேன்" என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. அதில்தான் எல்லாம் கெட்டது.

ஒன்றை மட்டும் கவனித்தேன், தப்பாகப் புரிந்துகொண்டேன். மகன் எதற்கெடுத்தாலும் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். அப்பாவை ஓயாமல் போட்டோ எடுத்தான். பிறகு பட்டர் ஃப்ரூட் மரத்துக்குப் பின்னால் போய், மரத்தைப் பார்த்தபடி தனியாக நின்றான். ஆபீஸ் தொல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை அவரிடம் என் கேள்வியைக் கேட்டேன். சித்தையன்கோட்டைப் பக்கம் என்றார். மல்லிகைத் தோட்டமும் கொஞ்சம் தென்னையும் இருக்கிறது என்றார். என் சகலை சித்தையன்கோட்டையில்தான் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார், சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் எல்லாம் அவருக்கு வாடிக்கை. எனக்குக் கை சும்மா இருக்குமா? மத்தியானம் சகலைக்குப் போன் போட்டேன்.

என் நோக்கத்தில் குற்றமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பிடித்த பலகாரம் ஒன்றைச் செய்து மாலையில் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை. அதைக் கேட்டுவிட்டு வைத்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பாவம், மனுசன் காரமே சேர்க்க மாட்டேன் என்கிறார், குழைந்த சோறுதான் இறங்குகிறது, ஆளும் இளைத்திருக்கிறார், உடம்பைப் பற்றிப் பேசவே கூடாதென்று மகன் சொல்லியிருக்கிறான், அவருக்கு என்ன செய்து கொடுத்தால் சாப்பிடுவார் என்று கேட்டேன்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று கதிரேசன் சொன்னது எனக்கு மறந்துவிடவில்லை. ஆனால் என் சகலையை நான் அந்த 'யாருக்கும்' கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர் நம்ம ஆள். நம் பக்கத்தில் ரகசியம் என்றால் அசலாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. சொந்தத்துக்குச் சொல்லாமல் விட்டால் அதற்குப் பெயர் குற்றம். இந்த நினைப்பு உங்கள் ரத்தத்திலும் இருக்கும், தடவிப் பாருங்கள்.

சகலை, கடலைமாவு போட்ட ஒரு இனிப்பைச் சொன்னார். செய்தோம். சவடமுத்து ஒரு விள்ளல் சாப்பிட்டு, இது எப்படிப்பா உனக்குத் தெரியும் என்று கேட்டார். நான் பெருமையோடு சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சகலை கூப்பிட்டார். நல்ல காரியம் செய்து முடித்தவர் குரல்.

"நம்ம ஆளுக கெளம்பிட்டாக. வேன் செம்பட்டி தாண்டிருச்சு."

யார் என்று கேட்டேன். சவடமுத்துவின் அக்கா வெள்ளையம்மாள், தம்பி, பங்காளி வீட்டு ஆட்கள் என்று பதினோரு பேர் என்றார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. எதற்கு வருகிறார்கள் என்று கேட்டேன்.

"எதுக்கா? மேலுக்கு முடியாத மனுசனப் போய்ப் பாக்க வேணாமா? நீங்கதான சொன்னீக."

போன மாதம் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கதிரேசனை ஊர்க்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். அது ஏற்கெனவே ஊரில் அரைகுறையாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நான் சொன்ன குழைந்த சோறு மிச்சத்தை நிரப்பிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணல் இல்லை, வேறொருவர்.

இப்போது என் இரண்டாவது தப்பு. முதலாவதைவிட இதற்குத்தான் எனக்கு வெட்கம். உடனே கதிரேசனிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாமலே சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளையம்மாளின் நம்பரை வாங்கி அடித்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஏழு தடவை அடித்தேன். பிறகு தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஏறிவிட்டார்கள்.

மலையேறும் வண்டிக்கு வேண்டிய இ-பாஸ் இல்லாமல் வந்திருப்பார்கள், சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. பிறகுதான் தெரிந்தது, வேன் டிரைவர் போனிலேயே இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டாராம். அந்த முக்கால் மணி நேரம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டும் ஓடிக்கொண்டேதான் இருந்தன. கேட்டுக்குப் போனேன், வந்தேன். வரவேற்பு மேஜையில் இருந்த பூச்சாடியை இடம் மாற்றினேன், திரும்பப் பழைய இடத்தில் வைத்தேன். மறுபடி கேட்டுக்குப் போனேன். காவலாளி, சார் யாராவது மந்திரி வருகிறாரா என்று கேட்டார்.

திரும்பி வரும்போது புல்வெளியைப் பார்த்தேன். சவடமுத்து மரத்தில் கட்டியிருந்த ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். பேத்தி பின்னாலிருந்து தன் பலம் முழுவதையும் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஊஞ்சல் ஒரு சாண்தான் நகர்ந்தது. "போதும் தாயி, விழுந்துருவேன்" என்று அவர் பொய்யாகப் பயந்து சிரித்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. கதிரேசனைத் தனியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். போன் செய்தது நான்தான் என்பதை முதலில் சொன்னேன்.

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குடல்ல கட்டி சார். திங்கக்கிழமை மதுரையில சேக்கணும். அப்பா வெறும் புண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. நாலு நாள் அவரு கவலை இல்லாம இருக்கட்டும், நாளைக்குச் சாயங்காலம் நானே பக்குவமாச் சொல்லிரலாம்னு இருந்தேன். எப்படிச் சொல்லணும்னு போன்ல எழுதி எழுதி அழிச்சுக்கிட்டு இருக்கேன்." போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டான். "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான சார் கேட்டேன்."

வேன் வர இன்னும் ஒரு மணி நேரமாவது இருந்தது. அப்பாவை எங்காவது வெளியே கூட்டிப் போகலாமா என்று யோசித்தோம். ஓட்டலுக்கு இருப்பதோ ஒரே பாதை, வேனுக்கு நேர் எதிரே போய் முட்டுவோம். கேட்டிலேயே தடுக்கலாமா? முடியாதவனைப் பார்க்க வந்த உடன்பிறந்தவளை வாசலோடு திருப்பி அனுப்பினால் அந்தப் பகை மூன்று தலைமுறைக்குப் போகும், அது உங்களுக்கும் தெரியும். இப்போதே போய் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். கதிரேசன் எழுந்து நாலடி நடந்தான், திரும்பி வந்து உட்கார்ந்தான். அவசரத்தில் சொல்கிற விஷயமா சார் அது என்றான்.

நான் ஓட்டல் ஜீப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பெரிய ரோட்டிலிருந்து எங்கள் பாதை பிரியும் இடத்தில் காத்திருந்தேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். கடைசியில் அந்த வேன் வந்தது. உள்ளே பார்த்தால் ஆப்பிள் பைகள், ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ரொட்டிப் பாக்கெட்டுகள். முன் சீட்டில் வெள்ளையம்மாள், முகம் வீங்கியிருந்தது. வத்தலக்குண்டிலிருந்தே அழுதுகொண்டு வருகிறார் என்றார்கள்.

ரோட்டோரத்தில் வைத்தே சொன்னேன். வியாதி என்ன என்று அவருக்கே தெரியாது, மகன் நாளைக்குச் சொல்வதாக இருக்கிறான், இப்படி நீங்கள் பழமும் கண்ணீருமாகப் போய் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். பதினோரு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"ஒரு வகுத்துல பொறந்தவ நான். எனக்கு நீ சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கு. சரி, அழ மாட்டேன். கண்ணால பாத்துட்டுப் போயிர்றேன்."

பழங்களையும் பாட்டில்களையும் என் ஜீப்புக்கு மாற்றினோம். கொடைக்கானல் பார்க்க வந்தோம், வழியில் எட்டிப் பார்த்தோம் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதாக முடிவு. பங்காளி ஒருவர் ஏரியைப் பார்த்துவிட்டதாகச் சொல்லவா, பார்க்கப் போகிறோம் என்று சொல்லவா என்று விவரம் கேட்டார். இனிமேல்தான் என்று சொல்லுங்கள் என்றேன். அந்த நிலையிலும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. சமாளித்துவிட்டோம் என்றே நினைத்தேன். முப்பது வருட அனுபவம் என்பது சில நேரம் இப்படித்தான், நம்மையே ஏமாற்றும்.

புல்வெளிக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். கதிரேசனும் அவன் அம்மாவும் அங்கே நின்றிருந்தார்கள். சவடமுத்து ஊஞ்சலிலிருந்து இறங்கினார். முதலில் அவர் முகத்தில் சந்தோஷம்தான். வா அக்கா, என்ன எல்லாரும் திடுதிப்பென்று என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்கள். வெள்ளையம்மாள் வாக்குத் தவறவில்லை, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

சவடமுத்து தம்பியிடம் சாதாரணமாகக் கேட்டார். "பூப் பறிச்சாச்சா?"

தம்பி இதற்குத் தயாராக வரவில்லை. ஆள் வரவில்லை அண்ணே என்றார். சவடமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோருமே பூத்தோட்டக்காரர்கள்.

"ஞாயித்துக்கெழம முகூர்த்தம், பூ வெல ஏறிக் கெடக்கு. இன்னைக்கு மொட்டுப் பறிக்கலன்னா சாயங்காலம் செடியிலயே மலந்து போகும். அத விட்டுட்டு ஒரு வேன் ஆளு ஏரி பாக்க வந்தீகளா?"

ஏரியைப் பற்றி விவரம் கேட்ட பங்காளி மெல்ல இன்னொருவர் பின்னால் ஒதுங்கினார்.

"கல்யாணம்னா பத்திரிகையோட வந்திருப்பீக. எழவுன்னா போன்ல சொல்லியிருப்பீக. மேலுக்கு முடியாதவனப் பாக்கத்தான் நம்ம சனம் போட்டது போட்டபடி கெளம்பி வரும். நானும் அப்படி எத்தன வேன்ல ஏறியிருக்கேன்." சவடமுத்து பேத்தியின் கையை மெதுவாக விட்டார். "என்னையப் பாக்கத்தான் வந்திருக்கீக."

நான் அவர்கள் வாய்க்கெல்லாம் பூட்டுப் போட்டிருந்தேன். அந்தப் பூ எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் மகனைப் பார்த்தார். கதிரேசன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீ நம்ம பக்கத்து ஆளு. நீ சொல்லு" என்றார்.

என் வேலையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அறை தயாராகிக்கொண்டிருக்கிறது என்பேன், உங்களுக்காகவே செய்தோம் என்பேன். அன்றைக்கும் நாக்கு நுனியில் ஒன்று தயாராக இருந்தது. மகன் உங்கள் கல்யாண நாளுக்கு எல்லோரையும் வரவழைத்திருக்கிறான் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார். ஆனால் கெடுத்தவனே பூசி மெழுகுவதா? உண்மையைச் சொல்லவும் எனக்கு உரிமை கிடையாது. அது கதிரேசனுடையது.

"இவங்களுக்குச் சொல்லிவிட்டது நான்தாண்ணே. மகன் சொல்லக்கூடாதுன்னு சொல்லியும் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது அரைகுறை. மீதிய உங்க மகன்தான் சொல்லணும். வாங்க, உள்ள உக்காந்து பேசுங்க" என்றேன்.

அப்பா, அம்மா, மகன் மூவரையும் அவர்கள் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். வாசலில் நான் நின்றுகொண்டேன். போன் வந்தது, எடுக்கவில்லை. வந்தவர்களைச் சாப்பாட்டு அறையில் உட்காரவைக்கச் சொன்னேன். விதவிதமாகப் பரிமாறினார்கள், ஒருவரும் கை நனைக்கவில்லை. வெள்ளையம்மாள் மட்டும் எனக்கு எதிரே நடைபாதைத் தரையில் வந்து உட்கார்ந்தார். அழவில்லை. உள்ளே ஒருமுறை நாகம்மாளின் குரல் கேட்டது.

ஒரு மணி நேரம் கழித்துச் சவடமுத்து வெளியே வந்தார். அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்ன வாங்கி வந்தாய் என்று கேட்டார். ஜீப்பில் இருக்கிறது என்றார் அந்த அம்மாள். எடுத்து வரச் சொன்னார். அன்று அந்த ஓட்டலின் தங்க விளிம்பு வைத்த கோப்பைகளில் பதினோரு பேருக்கும் ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தோம். அவர் சொல்லித்தான் குடித்தார்கள். வேன் புறப்படும் முன் தம்பியைக் கூப்பிட்டு, நாளைப் பறிப்புக்காவது ஆள் சொல்லிவிடு என்றார்.

எல்லோரும் போன பிறகு நான் அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்தார்.

"சொந்த பந்தம் பாக்க வந்ததுல எனக்கு வருத்தமில்ல தம்பி. ஆனா அத என் மகன் வாயால மொதல்ல கேட்டிருக்கணும்" என்றார்.

அன்று மாலை ஜெனரல் மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அது பெரிய விஷயமில்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. விருந்தாளி ஒன்றைச் சொல்லாதே என்றால், காரணம் புரிந்தால்தான் காப்பேன் என்று நிற்காதீர்கள். காரணம் நமக்குத் தேவையில்லை. அவர் உங்கள் ஊர்க்காரராக இருந்தால் இன்னும் இரண்டு மடங்கு வாயை மூடுங்கள், ஏனென்றால் நம் வாயிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு போன் தூரம்தான். அன்பினால் செய்தேன் என்பதும் ஒரு சமாதானம் ஆகாது. நானும் அன்பினால்தான் செய்தேன். தப்பு நடந்துவிட்டால் அதை யாருக்குச் செய்தீர்களோ அவரிடம் முதலில் ஓடுங்கள். நான் கேட்டுக்கும் பூச்சாடிக்கும் அலைந்த முக்கால் மணி நேரம் கையில் இருந்திருந்தால் கதிரேசன் தன் அப்பாவிடம் சொல்லி முடித்திருப்பான்.

சனிக்கிழமை காலையிலேயே அவர்கள் கிளம்பினார்கள். ஒரு நாள் மீதி இருந்தது, வேண்டாம் என்றுவிட்டார்கள். கதிரேசன் கையெழுத்துப் போட்டான், என் முகத்தைப் பார்க்கவில்லை. சவடமுத்து வண்டியில் ஏறி, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

நாகம்மாள் கடைசியாக வந்தார். வந்த நாளிலிருந்து என்னிடம் அதிகம் பேசாதவர். மதினி, போய் வாருங்கள் என்று கைகூப்பினேன். அவர் நின்றார். குரலில் கோபம் இல்லை.

"ஆறு மாசமா வீட்டுல ராத்திரி பூரா பொரண்டுக்கிட்டே கெடப்பாரு தம்பி. இங்க வந்து ரெண்டு ராத்திரி அசந்து தூங்குனாரு. நானும் தூங்குனேன். நேத்து நாங்க யாருமே தூங்கல."

சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். கதவை நான்தான் சாத்தினேன்.